ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் சமாதானமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து, தயிர்சாதத்தின் மயக்கம் கண்ணைச் சொருகும் நேரம். டி.வி.யில் 'மௌன ராகம்' ஓடுகிறது. எத்தனையாவது தடவை என்று யாருக்கும் கணக்கில்லை. ஈஸி சேரில் கணவர். சோபாவின் ஓரத்தில் மனைவி. இரண்டு பேருக்கும் நடுவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள்.

கடைசிக் காட்சி. ரயில் புறப்படுகிறது. மோகன் ஓடி வந்து ஏறுகிறார். ரேவதி முகத்தில் சிரிப்பும் அழுகையும். கணவர் மூக்கை உறிஞ்சுகிறார். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். படம் முடிந்தது. டி.வி. அணைந்தது.

"அப்பாகிட்ட சொல்லு, காபி டேபிள் மேல இருக்கு!"

"அம்மாகிட்ட சொல்லு, சர்க்கரை போதலைன்னு!"

ஆமாம், அந்த வீட்டில் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசி மூன்று நாளாகிறது. மகள்தான் போஸ்ட்மேன். திரையில் யாரோ ஒரு ஜோடி பேசாமல் இருப்பதைப் பார்த்து உருகிய அதே கண்கள், எதிரே இரண்டடி தூரத்தில் இருக்கிறவரைப் பார்க்க மாட்டேன் என்கின்றன. இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வந்தால் நல்லது. லேசாகச் சுருக்கென்றால் இன்னும் நல்லது.

யோசித்துப் பாருங்கள். கல்யாண வாழ்க்கையை நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பள்ளிக்கூடத்தில் பாடம் இல்லை. அம்மா சொன்னது "அனுசரிச்சுப் போம்மா" என்ற ஒரே வாக்கியம். அப்பா அதுகூடச் சொல்லவில்லை, தொண்டையைக் கனைத்துவிட்டுப் பேப்பரைப் பிரித்துக் கொண்டார். மிச்சத்தையெல்லாம் சொல்லிக் கொடுத்தது சினிமாதான். கோபித்துக் கொள்வது எப்படி, முகத்தைத் திருப்பிக் கொள்வது எப்படி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்புவது எப்படி எல்லாம் நாம் கொட்டகையில் கற்றவை. அப்படியானால் சண்டை போட்ட ஜோடி மறுபடி சேர, சினிமா என்ன மருந்து எழுதிக் கொடுக்கிறது? அந்த மருந்துச் சீட்டைக் கொஞ்சம் வாங்கிப் பார்ப்போமா?

ரத்தம் வந்தால் பாசம் வரும்

முதல் மருந்து, விபத்து. இல்லாவிட்டால் வியாதி!

1961-ல் வந்த 'பாலும் பழமும்' படத்தை எடுத்துக் கொள்ளுங்கள். சிவாஜி புற்றுநோய் ஆராய்ச்சி செய்யும் டாக்டர். சரோஜாதேவி நர்ஸாக இருந்து மனைவியானவர். அவருக்குக் காசநோய் வருகிறது. தன்னைக் கவனித்துக் கொண்டிருந்தால் கணவரின் ஆராய்ச்சி கெட்டுப் போகுமே என்று, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போய்விடுகிறார். கணவர் இன்னொரு கல்யாணம் செய்து கொள்கிறார். பிறகு அவருக்குக் கண் பார்வை போகிறது. மனைவி நர்ஸாகவே திரும்பி வந்து, யாரென்று சொல்லாமல் பணிவிடை செய்கிறார். தியேட்டரில் நனையாத கைக்குட்டை கிடையாது.

ஆனால் ஒரு நிமிஷம் அழுகையை நிறுத்திவிட்டு யோசியுங்கள். டாக்டருக்கு வாழ்க்கைப்பட்ட நர்ஸ், தன் மனசில் என்ன இருக்கிறது என்பதை அந்த டாக்டரிடமே சொல்லவில்லை! மூன்று பேருடைய வாழ்க்கையைக் குழப்பியது காசநோய்க் கிருமி அல்ல, சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம். இன்றைக்குச் சாதாரணக் காசநோய்க்கு 6 மாத சிகிச்சை, அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். 'சொன்னால் அவர் கஷ்டப்படுவார்' என்று மார்பில் தட்டுப்பட்ட கட்டியை மறைக்கும் பெண்கள், 'அவ பயந்துடுவா' என்று நெஞ்சுவலியை 'கேஸ்' என்று சொல்லிச் சமாளிக்கும் ஆண்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இதற்குத் தியாகம் என்று பெயர் வைத்தது சினிமா. டாக்டர்கள் வைக்கும் பெயர், தாமதம்.

அடுத்து, 1986-ல் வந்த 'மௌன ராகம்'. பிடிக்காத கல்யாணம். டில்லியில் தனிக் குடித்தனம். மனைவி ஒதுங்குகிறாள். பரிசாக என்ன வேண்டும் என்று கணவன் கேட்டால், விவாகரத்து என்கிறாள். எப்போது மனம் இளகுகிறது? வேலை செய்யும் இடத்துத் தகராறில் அவன் அடிபட்டு விழுந்த பிறகு. அதே மணிரத்னம் 14 வருஷம் கழித்து 'அலைபாயுதே' (2000) எடுத்தார். பெற்றோருக்குத் தெரியாமல் கல்யாணம் செய்து கொண்ட ஜோடி. சேர்ந்து குடித்தனம் ஆரம்பித்ததும் தினம் ஒரு சண்டை. மாதவன் எப்போது தன் மனைவியின் அருமையை முழுசாக உணர்கிறார்? ஷாலினி விபத்தில் அடிபட்டு நினைவில்லாமல் படுத்திருக்கும்போது.

ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) கதையோ மொத்தமாக ஆஸ்பத்திரியிலேயே நடக்கிறது. ஆக, நம் சினிமாவில் தம்பதிகள் மனசுவிட்டுப் பேச வேண்டுமானால் ஒருவர் கட்டிலில் கட்டுப் போட்டுப் படுத்திருக்க வேண்டும், பக்கத்தில் குளுகோஸ் பாட்டில் தொங்க வேண்டும்!

டைரக்டரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு இருப்பது இரண்டரை மணி நேரம். தினமும் பத்து நிமிஷம் பேசி, எட்டு மாதத்தில் மெள்ள மெள்ளச் சரியாகும் ஒரு கல்யாணத்தைக் காட்டினால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? அவருக்கு ஒரு 'திடுக்' வேண்டும். தவறு எங்கே என்றால், அந்தத் 'திடுக்'கை நாம் வீட்டுக்கு எடுத்து வருவதில்தான்.

"எனக்கு ஏதாவது ஒண்ணு ஆனாத்தான் இவருக்குப் புரியும்."

இந்த வாக்கியத்தைக் கேட்காதவர்கள் கை தூக்குங்கள். சொல்லாதவர்கள்? பாதிக் கைகள் இறங்கியிருக்குமே! சிலர் வாயால் சொல்வதோடு நிற்பதில்லை. சண்டை போட்டால் அன்றைக்கு பி.பி. மாத்திரை போட மாட்டார்கள். சர்க்கரை நோயாளி, கோபத்தில் இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுப்பார். இது ஊடல் இல்லீங்க, ஆபத்து. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சரேலென்று இறங்கி மயக்கம், வலிப்புவரை போகும். "நான் இல்லாம போனாத்தான் நிம்மதி" என்கிற அளவுக்குப் பேச்சு வந்தால் அதை 'டிராமா' என்று ஒதுக்காதீர்கள். தனியாக விடாமல், பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள். மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள். உடனே யாரிடம் போவதென்று தெரியாவிட்டால், மத்திய அரசின் டெலி மானஸ் என்ற இலவசத் தொலைபேசி உதவி 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

நிஜ வாழ்க்கையில் வியாதி வந்தால் பாசம் பொங்கும் என்பதும் பாதி உண்மைதான். முதல் ஒரு வாரம் பொங்கும். பிறகு மருந்துச் செலவு, தூக்கமில்லாத இரவு, லீவு போட்ட சம்பளம், பார்க்க வரும் உறவுக்காரர்களுக்கு ஓயாமல் காபி... ஏற்கெனவே விரிசல் விட்ட சுவரில் இன்னும் ரெண்டு ஆணி அடித்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு விஷயம் கேளுங்கள். அடிபட்டால் சண்டை தீரும் என்கிறது சினிமா. சண்டை இருந்தால் அடிபட்டது ஆறாது என்கிறது ஆராய்ச்சி! அமெரிக்காவின் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 42 தம்பதிகளை அழைத்துக் கையில் சின்னச் சின்னக் கொப்புளக் காயம் உண்டாக்கி, அது ஆறும் வேகத்தைப் பார்த்தார்கள். ஒரு தடவை ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேசச் சொன்னார்கள். இன்னொரு தடவை வீட்டில் எதற்காகச் சண்டை வருமோ அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சண்டைப் பேச்சுக்குப் பிறகு காயம் ஆற அதிக நேரம் பிடித்தது. அதிலும் எரிந்து எரிந்து விழும் ஜோடிகளுக்குக் காயம் ஆறும் வேகம், மற்றவர்களோடு ஒப்பிட்டால் 60 சதவிகிதம்தான். 2005-ல் வெளியான முடிவு இது. வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா? தையல் பிரிக்கும் வரையாவது கேஸ் பில்லைப் பற்றிப் பேசாதீர்கள்!

பேசாமல் இருப்பது ஒரு வியாதி

மறுபடி 'மௌன ராக'த்துக்கே வருகிறேன். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த பகுதி மோகன் அடிபடும் இடமல்ல, அதற்குப் பிறகு வருவது. மனைவி மனம் மாறி நெருங்கி வருகிறாள். இப்போது கணவன் விலகுகிறான். அவனுக்குக் காயம் உள்ளே. அவள் ஏறி வரும்போது அவன் மாடியில் இல்லை, இறங்கிப் போய்விட்டான். எத்தனை வீடுகளில் இது நடக்கிறது தெரியுமா! கல்யாணமான புதிதில் "ஏங்க, சாயங்காலம் சீக்கிரம் வருவீங்களா?" என்று மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருப்பாள். ஐம்பத்தெட்டு வயதில் ரிடையர் ஆகி, அவர் பேசலாம் என்று பக்கத்தில் வந்து உட்காரும்போது, அவள் சீரியலின் வால்யூமைக் கூட்டுவாள். அவரைப் பழி வாங்குகிறாளா? இல்லை. தன்னைத் தனியாகச் சமாளிக்கப் பழகிவிட்டாள், அவ்வளவுதான்.

(இந்தப் படத்தில் வக்கீல் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்வதை நினைவிருக்கிறதா? அது கதைக்காகச் சேர்த்த மசாலா இல்லை. இந்து திருமணச் சட்டத்தின்படி, கல்யாணமாகி ஒரு வருஷம் ஆவதற்கு முன், மிகக் கடுமையான கொடுமை போன்ற விதிவிலக்கான காரணம் இருந்தாலொழிய, விவாகரத்து மனுப் போட முடியாது.)

சியாட்டிலில் ஜான் காட்மேன் என்கிற மனோதத்துவ நிபுணர், தம்பதிகளை உட்கார வைத்து, அவர்கள் வழக்கமாகச் சண்டை போடும் விஷயத்தையே பேசச் சொல்லி வீடியோ எடுத்தார். கூடவே நாடித் துடிப்பையும் அளந்தார். கல்யாணத்தை உடைக்கும் பழக்கங்களாக அவர் நான்கைச் சொல்கிறார். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று ஆளையே குறை சொல்வது, ஏளனம் செய்வது, "நான் என்ன பண்ணேன், நீதான்" என்று தற்காப்பாகவே பேசுவது, கடைசியாகச் சுவர் மாதிரி வாயை மூடிக் கொள்வது. நான்கிலும் மோசமானது ஏளனம்தான் என்பது அவர் கருத்து.

சுவர் மாதிரி உட்கார்ந்திருக்கும் கணவரைப் பார்த்து, "கல்லுக்கு இருக்கிற உணர்ச்சிகூட இந்த மனுஷனுக்கு இல்லை" என்று நினைக்கிறீர்கள் இல்லையா? உண்மை நேர்மாறாக இருக்கலாம். வெளியே கல், உள்ளே நாடி 100-க்கு மேல் ஓடிக் கொண்டிருக்கும். அந்த நிலையில் யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. ஏறினாலும் குற்றச்சாட்டாகவே கேட்கும். அப்போது இன்னும் நாலு கேள்வி கேட்பதைவிட, "இப்ப வேண்டாம், சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்று தள்ளி வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். குறைந்தது 20 நிமிஷம் இடைவெளி வேண்டும் என்கிறார் காட்மேன். ஆனால் அந்த இருபது நிமிஷமும் 'வரட்டும், இதைச் சொல்லி மடக்கறேன்' என்று மனசுக்குள் வசனம் எழுதிக் கொண்டிருந்தால் பிரயோஜனமில்லை! செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், பால் வாங்கி வாருங்கள். முக்கியமாக, 'அப்புறம் பேசலாம்' என்று சொன்னவர்தான் திரும்பி வந்து பேச்சை ஆரம்பிக்க வேண்டும். வராவிட்டால் அதற்குப் பெயர் இடைவெளி இல்லை, ஓட்டம்.

மேலே சொன்ன ஏளனத்துக்கு வருவோம். நம் சினிமாவில் அதற்குப் பெயர் காமெடி! குண்டான மனைவியைப் பார்த்துச் சிரிக்காத தமிழ்ப் படத் தலைமுறை உண்டா? பாக்யராஜின் 'சின்ன வீடு' (1985) படத்தில் பருமனான மனைவி பிடிக்காமல் கணவனின் கண் வெளியே போகிறது. பத்து வருஷம் கழித்து பாலுமகேந்திராவின் 'சதி லீலாவதி' (1995). அதிலும் அதே பிரச்னை. வேடிக்கை என்னவென்றால், இரண்டு படத்திலும் மனைவியாக நடித்தவர் ஒரே நடிகை, கல்பனா. இரண்டு படமும் கடைசியில் மனைவி பக்கம்தான் பேசுகின்றன. ஆனாலும் தியேட்டரைவிட்டு வெளியே வருகிறவன் வாயில் நிற்பது தீர்ப்பு அல்ல, ஜோக்தான்.

2023-ல் வந்த 'இறுகப்பற்று' அதே விஷயத்தைச் சிரிக்காமல் சொன்னது. பிரசவத்துக்குப் பிறகு பருமனாகிவிட்ட மனைவி, அதையே காரணமாக்கி விவாகரத்துக் கேட்கும் கணவன். கவுன்சலிங் கொடுக்கும் பெண்ணின் வீட்டிலேயே வேறொரு சிக்கல் என்பது அந்தப் படத்தின் நல்ல குறும்பு. அதைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: அந்தக் கணவன் ஒரு தடவையாவது மனைவியை டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கலாமே! பெண்ணின் எடை ஏறினால் உடனே "தின்னுட்டுத் தூங்கறா" என்று முடிவு கட்டிவிடுகிறோம். தைராய்டு குறைந்திருந்தாலும் எடை கூடும், கூடவே அசதி, மலச்சிக்கல், முடி உதிர்வு, எதிலும் பிடிப்பில்லாமை. பிரசவமான சில மாதங்களுக்குள் தைராய்டு பாதிக்கப்படுவதும், மனச்சோர்வு வருவதும் நடக்கக் கூடியவை. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்னை, ஸ்டீராய்டு மாத்திரை, மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகள் என்று இன்னும் காரணங்கள் உண்டு. ஒரு டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு, குடும்பத்தோடு ஒரு சினிமா பார்க்கும் செலவைவிட அதிகமில்லை.

குறட்டை விடும் ஹீரோ

நம் சினிமா ஹீரோ என்றைக்காவது குறட்டை விட்டிருக்கிறாரா? விட்டார், 2023-ல்! 'குட் நைட்' படத்தில் மணிகண்டன் விடும் குறட்டைக்கு 'மோட்டார் மோகன்' என்றே பட்டப்பெயர். கல்யாணமாகிறது. மனைவி தூக்கத்தைத் தொலைக்கிறாள், ஆனால் சொல்ல மனசில்லை. தெரிந்ததும் அவன் குற்ற உணர்ச்சியில் குன்றிப் போகிறான். வில்லன் இல்லை, மாமியார் கொடுமை இல்லை, இன்னொரு பெண் இல்லை. தூக்கம் போதவில்லை, அதனால் கல்யாணம் ஆடுகிறது. நான் பார்த்த சமீபத்திய படங்களில் இதைப்போல நடுத்தரக் குடும்பத்துப் படுக்கையறையை உள்ளபடி காட்டிய படம் குறைவு.

'குறட்டை விட்டா நல்ல தூக்கம்' என்பது தப்பு. குறட்டை சத்தமாக வந்து, நடுநடுவே மூச்சே நின்றுபோன மாதிரி அமைதியாகி, பிறகு திணறிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தால் அது 'ஸ்லீப் ஆப்னியா' என்னும் மூச்சுத் தடையாக இருக்கலாம். காலையில் தலைவலி, பகலில் ஆபீஸ் நாற்காலியிலேயே கண் சொக்குவது, மருந்து சாப்பிட்டும் பி.பி. அடங்காமல் இருப்பது, காரணமில்லாத எரிச்சல் இவையெல்லாம் கூட வரும். அந்த எரிச்சலைத்தான் மனைவி "இப்பல்லாம் இவர் முன்ன மாதிரி இல்லை" என்பார்! விடாமல் அலட்சியப்படுத்தினால் இதயத்துக்கும் ஆபத்து. காது-மூக்கு-தொண்டை டாக்டரையோ நுரையீரல் டாக்டரையோ பாருங்கள். இரவு முழுக்கத் தூக்கத்தைக் கவனிக்கும் பரிசோதனை இருக்கிறது. எடை குறைப்பது, இரவில் குடிக்காமல் இருப்பது, ஒருக்களித்துப் படுப்பது பலருக்கு உதவும். தேவைப்பட்டால் மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கும் சி-பேப் கருவி உண்டு. இதில் ஒரு சிறப்பு, இந்த நோயைக் கண்டுபிடிக்கும் முதல் டாக்டர் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிதான். நோயாளிக்குத் தன் நோய் தெரியவே தெரியாது.

(முருங்கைக்காயைப் பற்றி ஒரு வரி சொல்லாவிட்டால் 'முந்தானை முடிச்சு' (1983) ரசிகர்கள் கோபித்துக் கொள்வார்கள். சத்தான காய், நார்ச்சத்து நிறைய, சாம்பாருக்கு மணம். அதற்கு மேல் அதன் தலையில் சினிமா ஏற்றி வைத்த பொறுப்புக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை!)

குடிக்கும் இப்படி ஒரு சினிமா மருந்து உண்டு. 'சிந்து பைரவி' (1985) படத்தில் பெரிய பாடகர் குடிக்கு அடிமையாகி, குடிக்காகத் தெருவில் பாடும் நிலைக்கு வருகிறார். சிந்து திரும்பி வந்ததும் மீண்டு விடுகிறார். அன்பு குடியை மாற்றும் என்று நம்பித்தான் "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்று எத்தனையோ பெண்களைத் தள்ளிவிட்டார்கள். ரொம்ப வருஷம் தினமும் குடித்தவர் சட்டென்று ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக் குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். மனைவியின் கண்ணீர் சிகிச்சைக்கு அழைத்துப் போக உதவலாம், சிகிச்சை ஆகிவிடாது.

அந்த ஒரு அறை

இனி வருவதை எழுத எனக்கு அவ்வளவு இஷ்டமில்லை. ஆனால் எழுதாமல் விடவும் முடியாது.

'பட்டிக்காடா பட்டணமா' 1972-ல் வந்தது. 'மன்னன்' 1992-ல். இருபது வருஷ இடைவெளி. கதை ஒன்றுதான். திமிர் பிடித்த பணக்கார மனைவியைக் கணவன் அடக்கி வழிக்குக் கொண்டு வர வேண்டும். 'மன்னன்' கடைசியில் கம்பெனியையே நடத்திய பெண் இல்லத்தரசியாகி அடுக்களைக்கு வருவதைக் கை தட்டி வரவேற்றோம். நானும்தான் தட்டினேன். இந்த மாதிரிக் கதைகளில் எங்காவது ஓர் இடத்தில் 'பளார்' என்று ஒரு சத்தம் கேட்கும். கேமரா அவள் முகத்துக்குப் போகும். கண்ணில் நீர் தளும்பும். அடுத்த காட்சியில் திருந்தியிருப்பாள்.

வீட்டில் அப்படி நடப்பதில்லை. முதல் அறைக்குப் பிறகு வருவது திருத்தம் இல்லை, இரண்டாவது அறை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் இருக்கும், கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். உங்கள் தெருவில் பத்து வீடு என்றால் நாலு வீடு. அந்த வீட்டு வாசலிலும் கோலம் இருக்கும், வெள்ளிக்கிழமை சாம்பிராணி மணக்கும்.

கை ஓங்காமலே கொல்பவர்களும் உண்டு. அதை மகேந்திரன் மாதிரி யாரும் காட்டவில்லை. 'உதிரிப்பூக்கள்' (1979) படத்தில் வரும் சுந்தரவடிவேலு ஊருக்குப் பெரிய மனுஷன். நோய்வாய்ப்பட்ட மனைவி வீட்டில் இருக்கும்போதே, அவள் தங்கையைக் கேட்கிறான். அந்த மனைவி முகத்தைப் பாருங்கள். அழுதுகூடத் தீர்க்க முடியாத ஒரு களைப்பு. "எதுக்கெடுத்தாலும் தலைவலி, உடம்பு வலி, பரிசோதனை செய்தால் ஒன்றுமில்லை" என்று டாக்டரிடம் வரும் பல பெண்களிடம் அந்த முகத்தைப் பார்க்கலாம். மாத்திரை எழுதுவதற்கு முன், கூட வந்தவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "வீட்ல எப்படிம்மா?" என்று கேட்கும் டாக்டர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. இழிவாகப் பேசுவது, மனதை வதைப்பது, பாலியல் துன்பம், சம்பளத்தைப் பிடுங்குவது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இழுத்தடிப்பது எல்லாமே அதில் வரும். அந்த வீடு கணவன் பெயரில் இருந்தாலும், மாமனார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்க மனைவிக்கு உரிமை உண்டு. மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற எண்ணில் பெண்கள் உதவி மையம் இருக்கிறது. காட்மேன் சொன்ன இருபது நிமிஷ இடைவெளி, மனம்விட்டுப் பேசுவது என்று மேலே எழுதியதெல்லாம் சமமாக உட்கார்ந்து சண்டை போடும் ஜோடிகளுக்கு. பயந்து நடுங்குபவளிடம் "நீ கொஞ்சம் பேசிப் பாரேன்" என்று யாரும் யோசனை சொல்லாதீர்கள். முதலில் அவள் பத்திரமாக இருக்க வேண்டும்.

'அந்த 7 நாட்கள்' (1981) எல்லோருக்கும் தெரிந்த கதை. முதலிரவில் மனைவி சாகத் துணிகிறாள். அவளுக்கு ஒரு காதல் இருந்ததென்று தெரிந்ததும் அந்த டாக்டர் கணவன் கத்தவில்லை, உட்கார்ந்து கேட்கிறான். ராஜேஷ் செய்த அந்தப் பாத்திரத்தைப் போலக் காதுகொடுத்துக் கேட்ட கணவன் அன்றைய சினிமாவில் அபூர்வம். ஆனால் கடைசியில் பாருங்கள். தாலி நடுவில் வந்து நிற்கிறது. கணவன் பேசுகிறான், காதலன் பேசுகிறான், தத்துவம் பேசுகிறார்கள். வசந்தி அழுகிறாள். அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அவள் வாயால் கடைசிவரை நாம் கேட்கவேயில்லை. படம் வெள்ளிவிழா கொண்டாடும் ரகம்தான், எனக்கும் பிடித்த படம்தான். இருந்தாலும் அந்த ஓரிடம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சேராத முடிவுகள்

விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) வந்தபோது, வீட்டுக்கு நடுவே கோடு போடும் காட்சியைப் பற்றித்தான் ஊரே பேசியது. எனக்கென்னவோ, அதைவிடத் துணிச்சல் கடைசியில் இருப்பதாகத் தோன்றுகிறது. கோடு அழிந்து, எல்லோரும் ஒன்றாகச் சேரும் நேரத்தில், மூத்த மருமகள் லட்சுமி சொல்கிறார், நாம் தனித்தனியாகவே இருப்போம், பார்க்கும்போது பாசமாகப் பார்த்துக் கொள்வோம் என்று. 'ஒரே கூரைக்கடியில் சேர்ந்து சுபம்' என்று கார்டு போட்டுப் பழகிய நம் சினிமாவில் இது அதிசயம். கூட்டுக் குடும்பமோ தனிக் குடித்தனமோ, புதுசாகக் கல்யாணமான ஜோடிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் அறை இருக்கிறதா என்பதை யோசித்தாலே பாதிச் சண்டை குறையும். ஹாலில் மாமனார் நியூஸ் கேட்டுக் கொண்டிருக்க, சமையலறையில் குக்கர் விசிலுக்கு நடுவே கிசுகிசுத்து எந்தப் பிரச்னையைத் தீர்ப்பது?

பாலுமகேந்திராவின் 'மறுபடியும்' (1993) இன்னும் ஒரு படி மேலே. மகேஷ் பட் 1982-ல் எடுத்த 'அர்த்' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம். இன்னொருத்தியைத் தேடிப் போன கணவன் திரும்பி வந்து, மறுபடியும் சேரலாமா என்று கேட்கிறான். ரேவதி மாட்டேன் என்கிறார். கத்தவில்லை, சபிக்கவில்லை. இன்னொரு நல்லவன் காத்திருக்கிறான், அவனுக்கும் இல்லை என்கிறார். வேலைக்காரியின் குழந்தையை வளர்த்துக் கொண்டு தன் காலில் நிற்கிறார். 'மௌன ராக'த்தில் கணவனோடு சேர்ந்ததற்கு அழுத அதே ஜனம், ஏழு வருஷம் கழித்து அதே ரேவதி சேர மறுத்ததற்குத் தலையாட்டியது. இரண்டும் சரி என்றுதான் எனக்குப் படுகிறது. அங்கே இருந்தது ஒரு மனத்தடை, கணவன் நல்லவன். இங்கே உடைந்தது நம்பிக்கை.

சேரலாமா வேண்டாமா என்று தடுமாறுகிறவர்கள் கவுன்சலிங் போவதற்கு வெட்கப்படத் தேவையில்லை. பெரிய அரசு ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவிலும், குடும்பநலக் கோர்ட்டுகளிலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள். நல்ல ஆலோசகர் முதல் நாளே யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார். சொன்னால், அவரும் நிறைய சினிமா பார்த்தவர் என்று வைத்துக் கொள்ளுங்கள்!

கடைசியாக ஒரு ஜோடி. 'ஓகே கண்மணி' (2015) படத்தில் இளம் ஜோடியைப் பார்க்கப் போனவர்கள், அந்த வீட்டுக்காரத் தாத்தாவையும் பாட்டியையும் பார்த்துவிட்டு வந்தார்கள். கணபதி, பவானி. பிரகாஷ்ராஜும் லீலா சாம்சனும். பவானிக்கு அல்சைமர் என்னும் மறதி நோய். ஒரு காலத்தில் மேடையில் பாடியவர், இப்போது வீட்டுக்கு வழி மறந்து மழையில் எங்கேயோ போய்விடுகிறார். தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். இங்கேயும் வியாதிதான். ஆனால் அது யாரையும் சேர்த்து வைக்க வரவில்லை. கிளைமாக்ஸில் குணமாகவும் இல்லை. மறுநாள் காலையிலும் அவர் மறப்பார். கணபதி முதலிலிருந்து சொல்லுவார், பொறுமையாக, ஒன்றொன்றாக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் ஓடினால் டி.வி.யை அணைக்காமல் பாருங்கள். காபியில் சர்க்கரை குறைந்தால் மகளிடம் சொல்லி அனுப்ப வேண்டாம், டப்பா பக்கத்து அறையில்தான் இருக்கிறது.